அக்சஸ்–வேர்ட், பேஸ்–ரைட்டர்: மெயில் மேர்ஜ் எங்கே உடைகிறது?

பழைய மாணவர் சங்கம், ஆலய நிர்வாக சபை, சின்னக் காப்புறுதி முகவர் அலுவலகம் என்று யாராக இருந்தாலும், மெயில் மேர்ஜ் மூலம், அதாவது ஒரே கடிதத்தில் பட்டியலிலுள்ள ஒவ்வொருவரின் விபரத்தையும் தானாக நிரப்பி, நானூறு பேருக்குப் பெயர் போட்டு அனுப்பக் கொழும்பில் பாவனையில் உள்ள வழிகள் பெரும்பாலும் மூன்றுதான். பெயர்ப்பட்டியலை எக்செலில் வைத்து வேர்டில் கடிதம் எழுதுவது ஒன்று. பட்டியலை மைக்ரோசொப்டின் தரவுத்தளச் செயலியான அக்சஸுக்கு மாற்றிவிட்டு அதே வேர்டைப் பிடிப்பது இரண்டாவது. காசு கொடுக்காமல் லிப்ரே ஒபிஸின் பேஸையும் (தரவுத்தளம்) ரைட்டரையும் (கடிதம் எழுதும் செயலி) வைத்து ஒப்பேற்றுவது மூன்றாவது. எங்கள் புள்ளிகளை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அக்சஸ்–வேர்டுக்கு 5இல் 4, பேஸ்–ரைட்டருக்கு 5இல் 3½, எக்செல்–வேர்டுக்கு 5இல் 2.

அதிகம் பேர் பாவிப்பதற்கு ஏன் ஆகக் குறைந்த புள்ளி? கடிதம் எழுதும் பக்கத்தில் வேர்டில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டியலுக்கும் கடிதத்துக்கும் நடுவில் தரவைக் கொண்டுபோகும் இணைப்பில்தான் முக்கால்வாசிப் பிழைகளும் பிறக்கின்றன. அந்த இணைப்பு எக்செலோடு சேரும்போதுதான் ஆக மோசமாக நடந்துகொள்கிறது.

எக்செல்–வேர்ட்: ஊகத்தில் ஓடும் இணைப்பு

வேர்ட் 2002இலிருந்து, எக்செல் கோப்பையோ அக்சஸ் கோப்பையோ இணைத்தால் ஓஎல்ஈ டிபி என்ற வழியாகத்தான் தரவு வருகிறது. செல்லில் நீங்கள் கண்ணால் பார்க்கும் வடிவம் இந்த வழியில் வராது. உள்ளே சேமித்திருக்கும் வெறும் பெறுமானம்தான் வரும். கொழும்பு முகவரிகளில் இது உடனே வெளிச்சமாகிவிடும். வெள்ளவத்தையின் தபால் குறியீடு 00600, கொட்டாஞ்சேனையினது 01300, புறக்கோட்டையினது 01100. எக்செலில் இவற்றை எண்ணாகத் தட்டி, செல் போர்மட்டில் ஐந்து இலக்கம் காட்டச் சொல்லியிருந்தால் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். கடித உறையில் மட்டும் 600, 1300, 1100 என்று அச்சாகும். 077இல் தொடங்கும் கைத்தொலைபேசி இலக்கத்துக்கும் இதே கதிதான். முன்னாலுள்ள பூச்சியம் பறந்துவிடும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இதைவிடப் பெரிய தலையிடி. பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். புதிய அட்டையில் 12 இலக்கம், எழுத்து கிடையாது. ஒரே நிரலில் இரண்டும் கலந்திருந்தால், இணைப்பு முதல் 8 வரிகளைப் பார்த்து அந்த நிரல் எண்ணா எழுத்தா என்று ஊகிக்கும். அந்த 8 வரிகளிலும் புதிய அட்டைக்காரர் மட்டுமே இருந்தால் நிரல் முழுவதும் எண் என்று முடிவாகி, பழைய அட்டைக்காரர்களின் இடத்தில் வெற்றிடமோ 0ஓ வந்து நிற்கும். வேர்ட் எச்சரிக்கை எதுவும் தராது. முன்னோட்டத்தில் முதல் நாலைந்து கடிதங்களை மட்டும் பார்த்துவிட்டு அச்சடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். போதாக்குறைக்கு, 11 இலக்கத்தைத் தாண்டிய எண்ணைப் பொதுப் போர்மட்டில் எக்செலே அடுக்குக்குறி வடிவத்துக்கு மாற்றிக் காட்டும்.

நிரலைத் தெரிவுசெய்து போர்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றினால் சரிவரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே தட்டிய எண்கள் அதனால் எழுத்தாக மாறாது. பக்கத்தில் புதிய நிரலொன்றை எடுத்து டெக்ஸ்ட் என்ற பார்முலாவைப் போடுங்கள். அடையாள அட்டைக்கு மேற்கோளுக்குள் "0", தபால் குறியீட்டுக்கு "00000", கைத்தொலைபேசிக்கு "0000000000". பிறகு அந்த நிரலைக் கொப்பி பண்ணி, பேஸ்ட் ஸ்பெஷலில் வெறும் பெறுமானமாக ஒட்டி, பழைய நிரலை நீக்கிவிடுங்கள். புதிதாகப் பட்டியல் தொடங்குகிறவர்கள் ஒன்றும் தட்டுவதற்கு முன்னாலேயே நிரலை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டால் இந்த வேலையே இல்லை.

நீளமான குறிப்புகளும் அதே ஊகத்தில் அடிபடும். முதல் 8 வரிகளில் 255 எழுத்துக்கு மேற்பட்ட குறிப்பு ஒன்றும் இல்லையென்றால், பின்னால் வரும் நீண்ட குறிப்புகள் 255ஆவது எழுத்தோடு வெட்டுப்படும். ஆக நீளமான குறிப்புள்ள வரியை மேலே முதலாவதாகக் கொண்டுவந்து வையுங்கள். அசிங்கமான வைத்தியம்தான், ஆனால் வேலைசெய்யும்.

பணத்தொகை 12,500.00 என்பது 12500 என்று வரும்; சதத்தோடு உள்ள தொகை சிலவேளை நீண்ட தசம வாலோடும் வரலாம். இதை வேர்ட் பக்கத்திலேயே சரிசெய்யலாம். ஓல்ட் விசையோடு எப்9 அழுத்தினால் பீல்ட் (கடிதத்தில் தரவு வந்து நிரம்பும் இடம்) குறியீடுகள் தெரியும். தொகை பீல்டின் பெயருக்குப் பின்னால், அடைப்பு முடிவதற்கு முன்னால், \# "#,##0.00" என்று சேருங்கள். மறுபடி ஓல்ட், எப்9. திகதிக்கு \@ என்று போட்டு மேற்கோளுக்குள் நாள், மாதம், ஆண்டுக்கான ஆங்கில எழுத்துகளைத் தரவேண்டும். மாதத்துக்குரிய எம் எழுத்து கட்டாயம் பெரிய எழுத்தாக இருக்கவேண்டும். சிறிய எம் போட்டால் வேர்ட் அதை நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் மாதத்துக்குப் பதில் 00 என்று அச்சான கடிதங்களுக்கெல்லாம் காரணம் இந்த ஓர் எழுத்துத்தான்.

அக்சஸ்–வேர்ட்: குவெரிதான் உயிர்

அக்சஸுக்கு 4 புள்ளி கொடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். இங்கே ஊகத்துக்கு இடமில்லை. டேபிளை (தரவு இருக்கும் அட்டவணையை) கட்டும்போதே நிரலின் வகையை நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். அடையாள அட்டை, தொலைபேசி, தபால் குறியீடு மூன்றையும் ஷோர்ட் டெக்ஸ்ட் என்று வையுங்கள். இவற்றைக் கூட்டிக் கழிக்கப்போவதில்லை.

ஆனால் டேபிளை நேரடியாக வேர்டோடு இணைக்க வேண்டாம். நடுவில் கடிதத்துக்கென்றே ஒரு குவெரி (டேபிளிலிருந்து வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் வினவல்) எழுதி, கடிதத்துக்குத் தேவையான நிரல்களை மட்டும், எல்லாவற்றையும் எழுத்தாக்கி அனுப்புங்கள். போர்மட் என்ற பங்ஷனால் தொகையை "#,##0.00" ஆக்கலாம், திகதியையும் அப்படியே நீங்கள் விரும்பும் ஒழுங்கில் எழுத்தாக்கலாம். இல்லாவிட்டால் திகதி அமெரிக்க முறையில் மாதம் முன்னும் நாள் பின்னுமாக வேர்டுக்குப் போகும். ஏப்ரல் 5 என்பது மே 4 போலத் தெரிகிற கடிதத்தைத் தவணைப்பணம் கட்டவேண்டிய ஆளுக்கு அனுப்பினால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. குவெரியில் எழுத்தாக்கிய திகதிக்கு வேர்டில் மறுபடி \@ போடாதீர்கள். வேர்ட் அதைத் திரும்பவும் திகதியாக வாசிக்க முயன்று நாளையும் மாதத்தையும் மாற்றிவிடக்கூடும்.

அக்சஸ் திரையில் அழகாக ஓடுகிற குவெரி, வேர்டுக்குள் வந்ததும் வெறுமையாக நிற்பதுதான் இந்தச் சோடியில் அதிகம் கேட்கப்படும் முறைப்பாடு. காரணங்கள் நான்கு உள்ளன. நான்கும் அடிப்படையில் ஒன்றுதான். வேர்ட் இந்த வழியில் அக்சஸ் என்ற செயலியைத் திறப்பதில்லை. அதன் அடியிலுள்ள தரவு இயந்திரத்தோடு மட்டும் பேசுகிறது. ஆகவே செயலிக்குள் மட்டும் கிடைக்கிற எதுவும் வேர்டுக்குக் கிடைக்காது.

முதலாவது, லைக் நிபந்தனையில் போடும் நட்சத்திரக் குறி. அக்சஸுக்குள் * என்றால் எந்த எழுத்தும் என்று பொருள். வேர்ட் வரும் வழியில் அதே வேலைக்கு % தான் செல்லுபடியாகும். * வெறும் நட்சத்திரமாகவே தேடப்படும். "கொழும்பு*" என்று தேடினால் அக்சஸில் நூற்றுக்கணக்கில் வரும், வேர்டில் ஒன்றும் வராது. லைக் என்பதற்குப் பதில் அலைக் என்று, ஆங்கிலத்தில் முன்னால் ஏ சேர்த்து எழுதி, % பாவித்தால் இரண்டு இடத்திலும் ஒரே விடை. இரண்டாவது, வெற்றிடத்தை மாற்றும் என்இஸட் பங்ஷன். அது செயலியின் பங்ஷன் என்பதால் வேர்ட் வழியில் தெரியாது. நிபந்தனை பார்க்கும் ஐஐஎப், வெற்றிடமா என்று பார்க்கும் இஸ்நல் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். மொட்யூலில் நீங்களே எழுதிய பங்ஷன்களுக்கும் இதே விதிதான். மூன்றாவது, ஓடும்போது பெறுமானம் கேட்கும் குவெரி, அல்லது திறந்திருக்கும் போர்மிலிருந்து பெறுமானம் எடுக்கும் குவெரி. இதற்கு நேர்வழி இல்லை. மேக் டேபிள் குவெரியாக்கி, அதை அக்சஸில் ஓட்டி, கிடைக்கும் தற்காலிக டேபிளை வேர்டோடு இணையுங்கள்.

நான்காவது, லுக்கப் நிரல். டேபிளில் பிரதேசம் என்ற நிரலில் "வெள்ளவத்தை" என்று தெரியும். கடிதத்தில் 3 என்று வரும். டேபிளுக்குள் உண்மையில் இருப்பது 3 தான். பெயரைக் காட்டுவது அக்சஸின் அலங்காரம். குவெரியில் பிரதேச டேபிளையும் இழுத்துப்போட்டு, பெயர் நிரலை அங்கிருந்து எடுங்கள்.

லோங் டெக்ஸ்ட் நிரலும் 255இல் வெட்டுப்படலாம், ஆனால் இங்கே காரணம் வேறு. குவெரியில் டிஸ்டிங்ட் என்றோ குரூப் பை என்றோ இருந்தால் அக்சஸ் தானே வெட்டிவிடும். குரூப் பை தவிர்க்க முடியாவிட்டால் அந்த நிரலுக்கு மட்டும் பர்ஸ்ட் என்று தெரிவுசெய்யுங்கள்.

பழைய உதவிக்குறிப்புகளில் டிடிஈ என்ற பழைய இணைப்பு வழியைத் திறந்துவிடச் சொல்வார்கள். ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், ஜெனரல் பகுதியில் "கன்பேர்ம் பைல் போர்மட் கன்வேர்ஷன் ஒன் ஓபன்" என்பதைச் சரி போட்டால், கோப்பை இணைக்கும்போது அந்த வழியும் பட்டியலில் வரும். அது செயலியையே திறப்பதால் திரையில் தெரியும் வடிவத்தோடு தரவு வரும் என்பது உண்மை. தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். அந்த வழி யூனிகோடை (தமிழ் உட்பட எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியேற்றத்தை) தாங்காது; பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்து சேரும். எக்செலோடு பாவித்தால் முதல் ஷீட்டை மட்டுமே பார்க்கும் என்பது மேலதிகக் குறை. குவெரியில் எழுத்தாக்கி அனுப்பினால் டிடிஈக்குத் தேவையே இல்லை.

கடிதத்தைத் திறக்கும்போது தரவைக் கேட்டெடுக்கும் ஓர் எஸ்கியூஎல் கட்டளை ஓடப்போகிறது, சம்மதமா என்று வேர்ட் கேட்கும். பயந்துபோய் நோ அழுத்தினால் பட்டியல் இல்லாமல் கடிதம் மட்டும் திறக்கும். பீல்ட்கள் அப்படியே தெரியும், தரவு வராது. அது வைரஸ் இல்லை. உங்கள் கோப்பு என்று தெரிந்தால் யெஸ் அழுத்துங்கள். யாரோ அனுப்பிய கோப்பென்றால் யோசியுங்கள்.

பாமினிப் பட்டியல்கள்

இலங்கைத் தமிழ் அலுவலகங்களுக்கென்றே உரிய தலையிடி இது. பல வருடப் பட்டியல்கள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. பாமினியில் கணினி சேமிப்பது தமிழை அல்ல. ஆங்கில எழுத்துகளையும் நிறுத்தக்குறிகளையும். புள்ளி போடுவதற்கு அரைப்புள்ளிக் குறி, இ எழுத்துக்குக் காற்புள்ளிக் குறி. இந்தப் பட்டியலைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக்கி, பெயர்களைச் சுற்றி மேற்கோள் இல்லாமல் அனுப்பினால், இராசையா, இந்திரன், இலங்கை எல்லாமே முதல் எழுத்தில் உடைந்து அடுத்த நிரலுக்குத் தாவும். அதற்குப் பின்னாலுள்ள நிரல்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய், தொகை இருக்கவேண்டிய இடத்தில் வீதியின் பெயர் வரும். அரைப்புள்ளியால் பிரித்தாலோ மெய்யெழுத்துள்ள ஒவ்வொரு சொல்லும் நொருங்கும். அகரவரிசையும் வராது.

தற்காலிகமாக ஓட்டவேண்டுமென்றால் அந்த பீல்டுக்கு மட்டும் பாமினி எழுத்துருவைக் கொடுத்து, குறியீட்டின் கடைசியில் நட்சத்திரத்தோடு சார்போர்மட் என்ற சுவிட்சைப் போடுங்கள். குறியீட்டின் தொடக்கத்திலுள்ள மேர்ஜ்பீல்ட் என்ற சொல்லின் முதல் எழுத்துக்குக் கொடுத்த எழுத்துரு முழு விடைக்கும் போகும். ஆனால் நிரந்தர வைத்தியம் யூனிகோடுக்கு மாற்றுவதுதான். அடுத்தமுறை பட்டியலைத் தொடும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு சிஎஸ்வி ஆக்கினால் யூடிஎப்-8 என்றுள்ள வகையைத் தெரிவுசெய்யுங்கள். எக்செல் 2016இலிருந்து அது தனி வகையாகவே பட்டியலில் இருக்கிறது.

யூனிகோட் தமிழிலும் ஒரு சின்னக் குழி உண்டு. பீல்டுக்கு 14 பொயின்ட், தடித்த எழுத்து என்று கொடுப்பீர்கள். ஆங்கிலப் பெயர் பெரிதாகவும் தமிழ்ப் பெயர் சிறிதாகவும் அச்சாகும். தமிழை வேர்ட் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று பிரித்து அதற்கெனத் தனி எழுத்துருவும் அளவும் வைத்திருக்கிறது. கொன்ட்ரோல், டி அழுத்தி வரும் பெட்டியில் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியிலும் அதே அளவைக் கொடுங்கள். அந்தப் பகுதி தெரியவில்லையென்றால் ஒபிஸ் மொழிகளில் தமிழைச் சேர்க்கவேண்டும்.

ஆளுக்கேற்ற மொழியில் கடிதம் போகவேண்டிய இடங்களில், ஆங்கிலத்தில் ஐ, எப் என்று எழுதும் நிபந்தனை பீல்ட் நன்றாகவே உதவும். மொழி என்ற நிரலில் உள்ள குறியைப் பார்த்து, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் ஒரு பந்தியைப் போடலாம். சுருள் அடைப்புகளைக் கையால் தட்டினால் வேலைசெய்யாது. கொன்ட்ரோல், எப்9 அழுத்தித்தான் உருவாக்கவேண்டும். ஒப்பிடும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் பார்க்கப்படும்.

பேஸ்–ரைட்டர்: இலவசம், ஆனால் பொறுமை வேண்டும்

லிப்ரே ஒபிஸ் ஒரு விடயத்தில் வேர்டை நன்றாகவே முந்துகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிடிஎப், கோப்பின் பெயரிலேயே அங்கத்தவர் இலக்கம். வேர்டில் இதற்கு மெக்ரோ எழுதவேண்டும். ரைட்டரில் பீல்ட் போட்ட கடிதத்தில் பிரிண்ட் கொடுத்தால், போர்ம் லெட்டராக அச்சிடவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, வெளியீட்டைக் கோப்பு என்று மாற்றி, தனித்தனி ஆவணங்கள், வகை பிடிஎப், பெயருக்குரிய நிரல் என்று தெரிவுசெய்தால் முடிந்தது. வட்ஸ்அப்பில் ரசீது அனுப்பும் சங்கங்களுக்கு இதுவே போதுமான காரணம்.

பட்டியலை இணைக்கும் விதம்தான் ஆரம்பத்தில் குழப்பும். எக்செல், கல்க் (லிப்ரே ஒபிஸின் விரிதாள்), சிஎஸ்வி எதுவானாலும் முதலில் பேஸில் ஓடிபி என்ற தரவுத்தளக் கோப்பொன்றை உருவாக்கி, ஒரு பெயரில் பதியவேண்டும். கடிதத்துக்குள் நினைவில் இருப்பது அந்தப் பெயர்தான். அந்தப் பதிவோ குறிப்பிட்ட கணினியின் பாவனையாளர் கணக்கில் இருக்கிறது. கடிதத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய் இன்னொரு கணினியில் திறந்தால் பீல்ட்கள் ஊமையாகிவிடும். அங்கேயும் ஓடிபி கோப்பை எழுத்துப் பிசகாமல் அதே பெயரில் பதியுங்கள். பட்டியலை மாற்றினால் எடிட் மெனுவில் எக்ஸ்சேஞ்ச் டேட்டாபேஸுக்குப் போய்ப் பழைய டேபிளையும் புதிய டேபிளையும் காட்டவேண்டும். புதிதாக இழுத்துப்போட்ட பீல்ட் மட்டும் புதிய பட்டியலைப் பார்க்கும், பழையவை பழையதிலேயே நிற்கும்.

பதியும் பெயரில் இடைவெளி, புள்ளி, இடைக்கோடு எதுவும் வேண்டாம். நிபந்தனை எழுதும்போது பெயர்களைப் புள்ளியால்தான் பிரிக்கிறது. இடைக்கோட்டைக் கழித்தல் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு எந்த நிபந்தனையும் உண்மையாகாது, பிழைச்செய்தியும் வராது.

திகதிக்குப் பதில் 45658 போன்ற எண் வந்தால் பதறவேண்டாம். அது 2025 ஜனவரி 1 தான். பீல்டை இரண்டு தரம் கிளிக் செய்து, போர்மட்டில் பயனர் வரையறை என்பதைத் தெரிந்து திகதி வடிவத்தைக் கொடுங்கள். சிஎஸ்வியில் தமிழ் குழம்பியிருந்தால் ஓடிபியின் டேட்டாபேஸ் ப்ரொப்பர்ட்டிஸில் எழுத்துத் தொகுதியை யூடிஎப்-8 ஆக்குங்கள். பேஸுக்குள்ளேயே டேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஜாவா வேண்டும்; 64 பிட் லிப்ரே ஒபிஸுக்கு 64 பிட் ஜாவா. ஓடிபிக்குள்ளேயே தரவை வைப்பதைவிட, வெளியே கல்க் கோப்பாக வைத்து இணைப்பதையே நாங்கள் விரும்புகிறோம். ஓடிபி பழுதானாலும் தரவு தப்பும்.

லேபிளும் அச்சும்

வேர்டில் முதல் லேபிள் மட்டும் நிரம்பி மற்றவை வெறுமையாக வந்தால், அப்டேட் லேபிள்ஸ் அழுத்த மறந்துவிட்டீர்கள் என்று பொருள். முதல் பெட்டிக்குள் நெக்ஸ்ட் ரெக்கோர்ட் புகுந்திருந்தால் பட்டியலின் முதல் ஆள் காணாமல் போவார். ஏ4 தாளில் 21 லேபிள் என்றால் ஒன்று 63.5 × 38.1 மில்லிமீற்றர், 24 என்றால் 63.5 × 33.9. உறையில் பெயர் தெரியாத லேபிள் தாள் வாங்கியிருந்தால் அடிமட்டத்தால் அளந்து நியூ லேபிளில் கொடுங்கள். அச்சுப் பெட்டியில் பிட் டு பேஜ் என்று இருந்தால் எல்லா அளவும் வீண். கீழ்வரிசை லேபிள்கள் கோட்டில் ஏறி நிற்கும்.

முகவரியின் இரண்டாம் வரி இல்லாதவர்களுக்கு நடுவில் வெற்று வரி விழுவதற்குக் காரணம், வரிகளை ஷிப்ட், என்டரால் முறித்திருப்பது. வெறும் என்டரால் பிரித்து, அந்த வரியில் பீல்டைத் தவிர வேறெதுவும் இல்லாமல் பார்த்தால் வேர்ட் தானே வரியை மூடிவிடும்.

கொமியூனிகேஷன் கடையில் அச்சடிப்பதென்றால் கடிதக் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். பினிஷ் அண்ட் மேர்ஜில் எடிட் இன்டிவிஜுவல் டொக்கியுமென்ட்ஸ் கொடுத்து, வரும் ஆவணத்தைப் பிடிஎப் ஆக்கிக் கொண்டுபோங்கள். எழுத்துருவும் பட்டியலும் கூடவே போய்விடும், அங்கத்தவர் விபரமும் கடைக்காரரின் கணினியில் தங்காது. இருபக்க அச்சுக்குக் கொடுக்கும் ஒற்றைப் பக்கக் கடிதத்தின் முடிவில் ஒரு பேஜ் பிரேக் போட்டு இரண்டு பக்கமாக்குங்கள். இல்லாவிட்டால் ஒருவரின் கடிதத்தின் முதுகில் அடுத்தவரின் கடிதம் அச்சாகும். வேர்டிலேயே 5ஆவது ஆளின் கடிதத்தை மட்டும் திரும்ப அடிக்கவேண்டுமென்றால் பக்க இலக்கப் பெட்டியில் 5 என்று போடாதீர்கள். ஒவ்வொரு கடிதமும் தனி செக்ஷன் என்பதால் பக்க இலக்கம் ஒவ்வொன்றிலும் 1இலிருந்து தொடங்குகிறது. ஆங்கில எஸ் எழுத்தையும் அதோடு ஒட்டி 5ஐயும் தட்டினால் அந்த ஆளின் கடிதம் முழுவதும் வரும்.